கழுத்துக்கு ஊற்றிய பால்

கழுத்து உண்டு, தலை கிடையாது. இரண்டு கை உண்டு, விரல் கிடையாது. ஓடினால் நிமிர்ந்து நிற்கும்; நின்றால் சாய்ந்து விழும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

சைக்கிள் என்றிருப்பீர்கள். கெட்டிக்காரர்கள். ஆமாம்பாளையத்தில் இதைக் கேட்டபோது மூன்று நாள் கூடிப் பேசி, "எங்கள் மாமனார்" என்று பதில் சொன்னார்கள். பொங்கியண்ணன் அந்த ஊர்க்காரர்.

அவருக்குச் செங்கோடன், ராக்கியப்பன் என்று இரண்டு தம்பிகள். பூங்கோதை என்று ஒரே மகள், வயது பத்து. மகளிடம் ஒரு சைக்கிள். சனிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி. காலை ஊன்றாமல், எல்லோருக்கும் கடைசியாக வந்து சேருகிறவருக்கு நாலடுக்கு டிபன் கேரியர் பரிசு.

போன வருஷமே அது பூங்கோதைக்கு வந்திருக்க வேண்டியது. கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது ஹேண்டில்பார் 'டக்' என்று ஆடியது; காலை ஊன்றிவிட்டாள். அன்றிலிருந்து பொங்கியண்ணனுக்கு வீட்டில் சோறு கொண்டுபோகும் பழைய தூக்குப்போசியைப் பார்த்தாலே வயிறு எரியும். இந்த வருஷம் விடுவதில்லை என்று, வியாழக்கிழமை சைக்கிளை உருட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார்.

கடைக்காரர் காசிம் பாய் முன் பிரேக்கைப் பிடித்து, ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். டக், டக்.

"கழுத்துல ஆட்டம் இருக்குங்க. உள்ளே பால் தேஞ்சுபோச்சு."

சைக்கிள் கடையில் பால் என்றால் மிளகளவு இரும்புக் குண்டு. அது காசிம் பாய்க்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

"பழைய பாலை எடுத்துட்டு, மேலே இருபத்திரண்டு, கீழே இருபத்திரண்டு புதுசு போடணும். அப்புறம் நட்டை இறுக்கி, பிரேக்கைப் பிடிச்சு ஆட்டிப் பாக்கணும். சத்தம் வரக் கூடாது. ஆனா எங்கிட்ட பால் தீந்துபோச்சு. திங்கட்கிழமைதான் வரும்."

பொங்கியண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பாலுக்கா, பாய், திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்கிறது? வீட்டுல ரெண்டு எருமை நிக்குது!"

காசிம் பாய் வாயைத் திறப்பதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

வீட்டில் அண்ணன் தம்பிகள் சைக்கிளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்ண்ணா, பால் புளிக்கும், திரியும், பொங்கும். தேயுமா?" என்றான் செங்கோடன்.

"தண்ணி கலந்தா தேயும்டா."

"அப்போ சைக்கிள் வித்தவன் தண்ணிப் பாலை ஊத்தி நம்மளை ஏமாத்திப்புட்டான்!" ராக்கியப்பன் பல்லைக் கடித்தான்.

செங்கோடனுக்கு இன்னொரு சந்தேகம். "இருபத்திரண்டுன்னா எதுல இருபத்திரண்டு? லிட்டரா?"

"கழுத்தைப் பாருடா. அதுல இருபத்திரண்டு லிட்டர் புடிக்குமா? மனுசனுக்குக் கொஞ்சமாச்சும் புத்தி வேணும்," என்றார் பொங்கியண்ணன். "சொட்டு."

நட்டைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த குண்டுகள் உருண்டு ஓடின. "வழியை அடைச்சுக்கிட்டு எத்தனை கல்லு பாரு!" என்று செங்கோடன் அவற்றைக் கூட்டி அள்ளி வேலியோரம் கொட்டினான். பூங்கோதை எண்ண, பொங்கியண்ணன் இருபத்திரண்டு சொட்டு எருமைப் பாலைக் கழுத்தின் மேல்பக்கம் விட்டார்.

கீழ்ப்பக்கத்தில் ஊற்ற வேண்டுமே? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். மேலே ஊற்றியது பொங்கியண்ணன் காலில் கொட்டியது. கீழே ஊற்றிவிட்டு நிமிர்த்தினார்கள். கீழே ஊற்றியது கொட்டியது. மறுபடி மேலே ஊற்றினார்கள், மறுபடி கவிழ்த்தார்கள். ஆறாவது தடவை கவிழ்க்கும்போது ஊரிலுள்ள பூனைகள் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன.

அப்போதுதான் ராக்கியப்பன் மெல்லச் சொன்னான். "அண்ணா, கவுத்தாலும் கொட்டாத பால் ஒண்ணு இருக்குதுங்."

"என்னடா அது?"

"தயிர்."

பொங்கியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியைக் கட்டிக்கொண்டார்.

கழுத்தில் கெட்டித் தயிரை அப்பி நட்டை முறுக்கினார்கள். வெள்ளிக்கிழமை சோதனை. சத்தம் வரக் கூடாது என்று பாய் சொன்னதால், மூவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொங்கியண்ணன் பிரேக்கைப் பிடித்து ஆட்டினார். செங்கோடன் இருமினான். அவனைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு மறுபடி ஆட்டினார்.

டக், டக், டக். முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

பொங்கியண்ணன் நெடுநேரம் யோசித்தார். பிறகு இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு ஆட்டினார். முகம் மலர்ந்தது.

"சரியாயிடுச்சு!" என்று கத்தினார்.

"இல்லீங்ண்ணா, எனக்குக் கேக்குதே!" என்றான் ராக்கியப்பன்.

"என்னடா?"

"கேக்குதுங்!"

"அப்படின்னா கோளாறு உன் காதுலதான்டா!"

சனிக்கிழமை காலை வந்துவிட்டது. பூங்கோதை சீருடை போட்டு, ரிப்பன் கட்டி, சைக்கிள் பக்கத்தில் நின்றாள். ஹேண்டிலைத் தொட்டாள். அது அவளைப் பார்த்துத் தலையாட்டியது. மூன்று பேரும் கடைசி ஆலோசனைக்கு உட்கார்ந்தார்கள்.

"போட்டிக்கு வர்ற அத்தனை பேருக்கும் பஞ்சு குடுத்துடலாம்," என்றான் செங்கோடன்.

"வேண்டாம். நான் சைக்கிளுக்கு முன்னாலயே பின்பக்கமா நடந்து, கழுத்தை இறுக்கிப் புடிச்சுக்கறேன்," என்றான் ராக்கியப்பன்.

பொங்கியண்ணன் கையை உயர்த்தினார்.

"பரிசு யாருக்குடா?"

"கடைசியா வர்றவங்களுக்குங்."

"காலை ஊனாம, கடைசியா. புள்ள கட்டில்ல காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு இங்கேயே இருந்தாள்னா, அவளைவிடக் கடைசியா வர எவனால முடியும்?"

தம்பிகள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்க்கும்?

"உன் சைக்கிள், கண்ணு. நீயே சொல்லு," என்றார் பொங்கியண்ணன். "பஞ்சா, சித்தப்பனா, கட்டிலா?"

பூங்கோதை மூவரையும் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள்.

கட்டில் என்றாள்.