மறக்கச் சொன்ன பென்ஷன்

சுக்கங்குளத்துக்காரர்கள் நாலு பேர் டவுனில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஐகோர்ட்துரை, மாசானம், தங்கப்பழம், சூசை. நாலு பேருக்கும் ஒரே வயது, ஒரே புத்தி. ஐகோர்ட்துரை சொல்வதுதான் முடிவு. பேரிலேயே ஐகோர்ட் இருக்கும்போது அதற்கு மேல் அப்பீலுக்கு எங்கே போவது என்பது மற்ற மூவரின் கட்சி.

அவர்களுக்கு ஐம்பத்தொரு வயது நடக்கும்போது கம்பெனியை மூடிவிட்டார்கள். கையில் வேலை இல்லை. ஆனால் இத்தனை வருஷமும் சம்பளத்தில் பிடித்து ஒரு தனியார் பென்ஷன் நிதியில் போட்டு வந்த பணம் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஊரில் செல்லக்கிளியக்கா மாவு மில்லை விற்கப் போவதாகச் சொன்னாள். "மகன்கூட கோயமுத்தூருக்குப் போறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் தந்தா மில்லு உங்களுக்கு. இல்லன்னா கறிக்கடைக்காரருக்கு."

நால்வருக்கும் அந்த மில் மேல் உயிர். அதை விட்டால் இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? பென்ஷனை இப்போதே எடுத்துவிடுவது என்று முடிவானது. முடிவான கையோடு சூசையின் போனுக்கு நிதிக்காரர்களிடமிருந்து தகவல் வந்தது. அவர்களுடைய சேமிப்பு சுருங்கிவிட்டதாம்.

"என் சட்டை ஒண்ணு இப்படித்தாம்லே சுருங்கிச்சு. யாரோ நனைச்சிருக்கான்" என்றான் தங்கப்பழம்.

"ரூவா நோட்டை யாருலே துவைப்பா?" என்றான் மாசானம்.

ஐகோர்ட்துரை கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தான். "துவைச்சது தப்பில்ல. நிழல்ல காயப் போட்டிருக்கணும்."

இதைச் சொல்லிக் கண்டிப்பதற்காகவே நால்வரும் டவுனுக்கு பஸ் ஏறினார்கள். நிதி ஆபீசில் மேனேஜர் கோமதி பொறுமைசாலி. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "துவைக்கல அண்ணாச்சி. உங்க பணமெல்லாம் மார்க்கெட்ல இருக்கு. மார்க்கெட் விழுந்து கெடக்கு. அது எந்திரிக்கிற வரைக்கும் கை வைக்காதீங்க."

நால்வரும் பதறியடித்துக்கொண்டு காய்கறி மார்க்கெட்டுக்கு ஓடினார்கள். மார்க்கெட் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் கடைசி மூலையில் கருவேப்பிலை விற்கும் இசக்கியம்மாளின் தகரக் கொட்டகை காற்றில் சாய்ந்து கிடந்தது.

"இதாம்லே விழுந்த இடம்! தூக்குங்க!" என்றான் சூசை.

"மேடம் கை வைக்கக் கூடாதுன்னாங்க" என்றான் மாசானம்.

ஆகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையாலும் தோளாலும் முட்டி முட்டிக் கொட்டகையை நிமிர்த்தினார்கள். தங்கப்பழத்தின் நெற்றி புடைத்துக்கொண்டது. இசக்கியம்மாள் கண்கலங்கி, "யாரு பெத்த பிள்ளைகளோ!" என்றாள்.

திரும்பி வந்து, "மேடம், மார்க்கெட்டை எந்திரிக்க வச்சிட்டோம்" என்றார்கள்.

கோமதி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அட, ஆமா. காலையில இருந்து ஏறித்தான் இருக்கு."

"ஏறாம என்ன செய்யும்?" என்று தங்கப்பழம் நெற்றியைத் தடவினான்.

"அப்ப பணத்தைத் தாங்க" என்றான் ஐகோர்ட்துரை.

"அம்பத்தஞ்சு வயசு ஆகணுமே. முன்னாடி எடுத்தா பிடித்தம் போகத்தான் கிடைக்கும். பின்னாடி எடுத்தா முழுசாக் கிடைக்கும்" என்றாள் கோமதி. அதற்குள் போன் மணி அடிக்க, பேசப் போய்விட்டாள்.

நால்வரும் வெளியே வந்து யோசித்தார்கள். முழுசாகக் கிடைக்கும்போது எவனாவது முன்னாடி எடுப்பானா? கட்டடத்தைச் சுற்றிப் பின்னாடி போனார்கள். அங்கே சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. ஐகோர்ட்துரை அதைத் தட்டி, "ஐயா, நாலு பேருக்கு முழுசா!" என்றான்.

உள்ளேயிருந்து, "ஆள் இருக்கு!" என்று ஒரு குரல் முனகியது.

"ஆள் இருக்காராம்லே. வரிசையில நில்லுங்க."

வரிசையில் நின்றார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டி, "எப்ப வரும்?" என்று கேட்டார்கள்.

"எனக்கே தெரியலய்யா! நிம்மதியா இருக்க விடுங்க!" என்றது உள்ளே இருந்த குரல்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரான காசாளர் கக்கூஸிலிருந்து வெளியே வந்து போட்ட கூச்சலில் கோமதி ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு இரக்கப்பட்டு விதிகளைப் புரட்டினாள். கம்பெனியே மூடிவிட்டால் பாதியைப் பிடித்தமில்லாமல் இப்போதே வாங்கலாம் என்று அதில் ஒரு வழி இருந்தது.

"மீதியை அம்பத்தஞ்சுல வாங்கிக்கலாம். அதுவரைக்கும் அதை அடியோட மறந்துருங்க அண்ணாச்சி. மறந்தாத்தான் வளரும்."

மில் அவர்கள் கைக்கு வந்தது. நன்றாகவும் ஓடியது. மிளகாய் கொடுத்தவர்களுக்கு மிளகாய்ப் பொடியும், அரிசி கொடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் அரிசி மாவும் கிடைத்தன.

மறப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தினமும் காலையில் மில்லைத் திறந்ததும் ஐகோர்ட்துரை விசாரிப்பான்.

"மாசானம், மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்."

"எதை?"

"பென்ஷனை."

"கெடுத்தியே! ஒரு வாரமா வளர்ந்தது போச்சு!"

மூவரும் அவனோடு அன்று முழுக்கப் பேச மாட்டார்கள். அவமானம் தாங்காமல் மாசானம் ராப்பகலாக மறந்து பழகினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் பழகினார்கள். ஒருநாள் ஐகோர்ட்துரை, "மறந்துட்டியா?" என்றபோது, "எதை?" என்றான் மாசானம். "அதானே, எதை?" என்றான் ஐகோர்ட்துரையும். அதோடு விசாரணை நின்றது.

ஐம்பத்தைந்து வயது முடிந்தும் ஒருவரும் வராததால் கோமதியே சுக்கங்குளத்துக்கு வந்தாள். நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு நாலு செக்கைக் கொடுத்தாள். "நல்லா வளர்ந்திருக்கு அண்ணாச்சி!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். நால்வரும் கையாட்டி வழியனுப்பினார்கள். பஸ் மறைந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் நால்வரும் செக்குகளை மேஜைமேல் வைத்தார்கள்.

"ஐயா, யாரோ ஒரு அம்மா ஆள் மாறி எங்ககிட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க. யாரோட காசோ, பாவம்."

ஏட்டையா செக்குகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐகோர்ட்துரை, மாசானம், தங்கப்பழம், சூசை. உங்க பேருதானவே போட்டிருக்கு?"

"அதனாலதாம்யா அந்த அம்மா ஏமாந்துட்டாங்க" என்றான் ஐகோர்ட்துரை. "எங்க பேருல இன்னும் நாலு பேரு இருக்கானுவ. செக்கு உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும். நாங்க போயி அவனுகளைத் தேடிக் கூட்டியாறோம்."

சொன்னபடியே நாலு பேரும் திசைக்கு ஒருவராகக் கிளம்பினார்கள். வழியில் தங்களையே பார்த்தால் பிடித்து வைக்கும்படி ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.