கந்தகன் வெளியேறிய வழி

திருநிறை இரா. செண்பகமூர்த்தி அவர்கள், வயது ஐம்பத்தொன்பது, அரசுப் பேருந்தில் நடத்துநராகப் பணியாற்றி ஓய்வுற்ற பின்னர், சிவகாசியில் சித்திரக்கதை வரையும் தில்லைநாயகி என்னும் முப்பத்திரண்டு வயது அம்மையாரிடம் மாணாக்கராகச் சேர்ந்தார்.

ஊரார் சிரித்தனர். "பென்சன் வாங்குற வயசுல பென்சில் சீவப் போறாரு" என்றனர்.

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சேர வந்த அன்று தமது பழைய தோல்பையைக் கொணர்ந்தார். டிக்கெட்டுக் கட்டுகள் இருந்த அப்பையில், அம்மையார் வரைந்துவரும் கந்தகன் சித்திரக்கதை இதழ்கள் முதல் இதழ் தொடங்கி ஒன்றும் விடுபடாமல் அடுக்கப்பட்டிருந்தன. மனைவியார் மறைந்தபின் டிப்போவில் படுத்துக் கழித்த நாள்களில் அவருக்குத் துணையாயிருந்தவன் கந்தகன்.

கந்தகன், பட்டாசு மருந்துக் கிடங்கில் தீப்பொறி விழுந்த நாளில் தோன்றியவன்; உள்ளங்கையில் நெருப்பைச் சுமந்து திரியும் வீரன். அவன் கையை உயர்த்தினால் எத்தகைய கொடியவனும் ஓடுவான். மழையில் நனைந்துவிட்டால் மட்டும் அவன் நம்மைப் போன்றவன்.

புதிய இதழில் எதிரிகள் அந்த மழைக்காகவே காத்திருந்து அவனைச் சூழ்ந்துகொண்டனர்.

அச்சக முதலாளி, "முன்ன மாதிரி யாரும் கேக்குறதில்ல டீச்சர். இந்த இதழோட அவன முடிச்சிருங்க" என்றார். தில்லைநாயகி முன்பு பள்ளியில் ஓவியம் கற்பித்தவராதலால் அனைவருக்கும் டீச்சர்.

"நியாயமாத் தப்பிக்க வழி இருந்தா உயிரோட இருக்கட்டும். இல்லன்னா நானே முடிச்சிருதேன்" என்றார் அவர்.

"ஒங்க இஷ்டம். சாயங்காலத்துக்குள்ள கடைசிப் பக்கம் வந்தாகணும்."

முதலாளி சென்றதும், தில்லைநாயகி இன்னும் வரையாத கடைசிப் பக்கத்தை எடுத்துத் தம் மாணாக்கரின் முன் வைத்தார். வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"மழைய நிப்பாட்டிருவமா, டீச்சர்?"

"சன்னலத் திறந்து சொல்லிப் பாருங்க. கேக்குதான்னு பாப்போம்."

"அப்ப, கூட்டாளி ஒருத்தன் ஹெலிகாப்டர்ல வர்றான்."

"இத்தன இதழா அவன் எங்க இருந்தான்?"

"இடுப்புல ஒரு கத்தி?"

"அண்ணாச்சி, கதையில இதுவர இல்லாதது எதுவும் கடைசிப் பக்கத்துல வரக் கூடாது. படிக்கிறவங்க நம்ம மூஞ்சில முழிக்க மாட்டாங்க."

செண்பகமூர்த்தி தலைகுனிந்து வரையத் தொடங்கினார். நண்பகல் கடந்தது. தில்லைநாயகி ஒரு தட்டில் காராச்சேவும் தேநீரும் கொண்டுவந்து அருகில் வைத்துவிட்டு, எதிரே நாற்காலியிட்டு அமர்ந்து பக்கத்தைப் பார்த்தார்.

எதிரிகள் தோளோடு தோள் இடித்து நின்றனர். முன்னால் இருந்தோர் முதுகைக் காட்டி நின்றனர். ஓர் எறும்பு நுழையவும் இடமில்லை.

"இது எதிரிங்க கூட்டமா, காலைல போற சாத்தூர் பஸ்ஸா?"

"எல்லாரையும் ஏத்திட்டேன், டீச்சர்" என்றார் அவர், சற்றுப் பெருமிதத்துடனேயே. "ஒரு பய எறங்க முடியாது."

"சரி, கந்தகன் எங்க?"

"உள்ள இருக்கான்."

"எனக்குத் தெரியலயே."

"சுத்தி வளைச்சிட்டாங்கல்லா. எப்படித் தெரியும்?"

தில்லைநாயகி வெள்ளை மைக் குப்பியை அவர்பால் நகர்த்தினார். "எனக்கு அவன் முகத்தப் பாக்கணும், அண்ணாச்சி."

முப்பது ஆண்டுகளாகப் பேருந்தில் ஆட்களை உள்ளே தள்ளியே பழகிய கை, எவரையும் இறக்கிவிட மனமின்றித் தயங்கியது. பின்னர், முன்னால் முதுகைக் காட்டி நின்ற மூவரை வெள்ளை மையால் அழித்தது. அவ்விடத்தில் கந்தகனின் முகத்தை வரைந்தார். மழைநீர் வழியும் முகம். அச்சம் இருந்தது, அழுகை இல்லை.

"இப்பத் தெரியுது" என்றார் தில்லைநாயகி. "நல்லா வந்திருக்கு."

செண்பகமூர்த்திக்கு மகிழ்ச்சி வரவில்லை. "வளையத்துல ஓட்ட விழுந்துட்டே, டீச்சர். எதிரிங்க இதப் பாத்தா அடைச்சிர மாட்டாங்களா?"

"எந்த இதழ்லயாவது அடைச்சிருக்காங்களா?"

அவர் தோல்பையைத் திறந்தார். முதல் இதழை எடுத்துப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். மேசை நிறைந்தது. காடு, கோட்டை, கடற்கரை என இடங்கள் மாறின. எதிரிகள் சூழ்வது மாறவில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் படிப்பவரின் பக்கம் மட்டும் திறந்தே கிடந்தது. இத்தனை ஆண்டுகளாக அந்த வழியாகத்தான் அவர் கந்தகனைப் பார்த்து வந்திருக்கிறார். ஒருநாளும் கவனித்ததில்லை.

தாம் மூவரை அழித்த இடத்தில் அவர் விரலை வைத்தார்.

"வழி இருக்கு" என்றார் மெல்ல. "ஆனா ஓட்டைக்கு இந்தப் பக்கம் யாருமே இல்லயே, டீச்சர். கதையில இல்லாத ஆளு வரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. யார நம்பி இவன் இங்க வருவான்?"

தில்லைநாயகி பக்கத்துக்கு எதிரே கிடந்த தம் நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். காலியான தோல்பையை எடுத்து, தூசியைத் தட்டி, தம் மாணாக்கரின் மடியில் வைத்தார்.

"மொத இதழ்ல இருந்து இந்தப் பக்கம் நீங்க இருக்கீங்கல்ல, அண்ணாச்சி."

செண்பகமூர்த்தி பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். தூரிகையை மையில் தோய்த்தார். கந்தகனின் நனைந்த வலக்கால், படக் கட்டத்தின் கீழ்க்கோட்டைத் தாண்டி வெளியே, அவர் பக்கமாக ஊன்றியது, பிரபவ ஆண்டு ஐப்பசித் திங்கள் இருபத்தாறாம் நாள், வியாழக்கிழமை.