மூடிய கேள்வியும் மூடாத வாயும்

கணினிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் ஓர் இணையதளத்தில் ஞானமூர்த்தி என்றொரு அட்மின் கோலோச்சினார். "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று யார் கேட்டாலும், "விளம்பரக்காரன் புகுந்துவிடுவான்" என்று, யாரும் பதில் எழுத முடியாதபடி கேள்வியை மூடிவிடுவார்.

திட்டக்குடியில் டைப்பிங் கடை நடத்தும் செண்பகவல்லிக்கு, பழைய ஃபான்டில் அடித்த பள்ளி வினாத்தாள் புதுக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மறுநாள் பரீட்சை. எதைக் கொண்டு மாற்றலாம் என்று கேட்டாள். அதையும் மூடினார்.

அவள் அதன் கீழே இருந்த கருத்துப் பெட்டியில் எழுதினாள்: "சரிங்க ஐயா. இதை மாத்துற சாஃப்ட்வேர் உலகத்திலேயே இல்லை. இருந்தா உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்."

ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே மூன்று சாஃப்ட்வேர்களின் பெயரைச் சொல்லி, எது சிறந்தது என்றும் விளக்கினார்.

வினாத்தாளை அச்சுக்கு அனுப்பிவிட்டு வந்து செண்பகவல்லி கேட்டாள்: "ரொம்ப நன்றிங்க ஐயா. இப்ப என் கேள்வியைத் திறப்பீங்களா, உங்க பதிலை மூடுவீங்களா?"

கேள்வி சத்தமில்லாமல் திறந்துகொண்டது.