ஓட்டையைப் பெரிதாக்கிய புஷ்பராணி

விமானப் பட்டறையில் புஷ்பராணிக்குத் தற்காலிக வேலைதான். பெரிய இன்ஜினியர் வரதராஜுலு ஒரு தகட்டை அவள் மேஜையில் எறிந்தார்.

"ரிவெட் ஆணி அடிக்கிற ஓட்டை ஓரமெல்லாம் விரிசல் விடுது. பலப்படுத்து. ஒட்டு கூடாது, சூடு கூடாது, ஒரு கிராம் எடை ஏறக் கூடாது. முடியலன்னா கிளம்பிடு!"

"முடிச்சா நிரந்தரமாக்குவீங்களா சார்?"

"ஆக்குறேன், போ!"

"அப்போ ஓட்டையை இன்னும் பெருசாக்கிடறேன்."

பட்டறையே சிரித்தது. சிரிக்கிறவனுக்கு என்ன கஷ்டம்?

அவள் நுனி மெலிந்து, நடுவில் ஓட்டையைவிடச் சற்றே தடித்த எஃகுக் கம்பியை ஓட்டைக்குள் நுழைத்து, இழுவைக் கருவியால் மறுபக்கம் உருவி எடுத்தாள். ஓட்டை விரிந்தது. அந்தத் தகட்டையும் ஓட்டையை விரிக்காத சாதாரணத் தகட்டையும் சோதனை இயந்திரத்தில் மாட்டி ஆட்டினார்கள். சாதாரணத் தகடு மதியத்துக்குள் பிளந்தது. அவளுடையது மூன்று நாள் ஆடியும் கீறல்கூட விழவில்லை.

வரதராஜுலு விரலால் ஓட்டையைத் தடவினார். "எப்படிம்மா?"

"நெரிசல் பஸ்ல கம்பியைப் பிடிக்காமலே விழாம நிப்போமே சார். எஃகுக் கம்பி தள்ளினதுல ஓட்டையைச் சுத்தி உலோகம் இப்போ அப்படி நெருக்கிக்கிட்டு நிக்குது. விரிசல் வாய் திறக்க இடம் ஏது?"

"நான் பஸ்ல போனதே இல்லையேம்மா."

"அதான் சார் உங்களுக்குத் தோணல."

அவர் நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.