ஒன்பது புள்ளி நான்கில் ஒரு பூச்சி

"அம்மா, உடைக்கட்டுமா, வேண்டாமா?"

வந்ததும் வராததுமாக மாயழகு கேட்டது இதுதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

முப்பிடாதியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"முதல்ல துவட்டுங்க அண்ணாச்சி. தெப்பமா நனைஞ்சி வந்திருக்கிய."

"நான் நனைஞ்சா பரவாயில்லம்மா. இது நனையல."

அவர் சொன்னது உண்மை. குடை அவர் கையில்தான் இருந்தது. ஆனால் வழி நெடுக அதை மார்போடு அணைத்திருந்த ஒரு துணிப்பொட்டலத்துக்குப் பிடித்துக்கொண்டு, தான் சாரலில் நடந்து வந்திருந்தார்.

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது அம்மாவின் மடம். மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கூடம், ஒரு அடுப்படி, ஒரு கிணறு. பயம் பிடித்தவர்கள் அங்கே வருவார்கள். அம்மா பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார். வந்தவர்கள் எப்படியோ சாப்பிட்டுவிட்டுத் தெளிந்து போவார்கள்.

மாயழகு மதுரைக்காரர். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் சீடர். தொழில், பழைய காமிக்ஸ் வாங்கி விற்பது. சிரிக்க வேண்டாம். அதில்தான் வீடு கட்டினார், மகளைக் கட்டிக்கொடுத்தார்.

பொட்டலத்தைப் பிரித்தார். துண்டு, அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சின்னச் சின்ன உப்புப் பைகள், எல்லாவற்றுக்கும் நடுவே கண்ணாடி மாதிரி ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு காமிக்ஸ். அட்டையில் கடலுக்கு அடியில் ஒருவன் சுறாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"இவன் முதன்முதலா வந்த புத்தகம்மா. எழுபது வருசம் ஆச்சு."

"மேல என்ன நம்பர்?"

"ஒன்பது புள்ளி நாலு. பத்துக்கு."

"யாரு போட்டா?"

"அமெரிக்காவுல ஒரு கம்பெனிம்மா. நம்ம அனுப்புனா பக்கம் பக்கமாப் பாத்து, மார்க் போட்டு, இப்படிப் பெட்டிக்குள்ள வச்சு மூடி அனுப்பிருவாங்க. அதுக்கப்புறம் திறக்கக் கூடாது. திறந்தா மார்க் செத்துப்போகும்."

"படிக்கணும்னா?"

"யாரும்மா படிக்கிறா!"

மாயழகு உண்மையிலேயே அதிர்ந்துபோனார்.

அம்மா சிரித்துவிட்டு ஒரு கீரைத்தண்டை ஒடித்தார். "சரி. எதுக்கு உடைக்கணும்?"

மாயழகு அக்கம்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள பூச்சி இருக்கும்மா."

"மூடின பெட்டிக்குள்ளயா?"

"அதுதான் எனக்கும் பயமா இருக்கு."

போன வாரம்தான் முதலில் பார்த்தாராம். கறுப்பாக, நூல் மாதிரி, வாலோடு ஒன்று. அட்டையின் வெள்ளை ஓரத்தில் ஊர்ந்தது. உற்றுப் பார்த்தால் நழுவி ஓடியது. எங்கே போனது என்று பார்வையைத் திருப்பினால் அங்கேயே மறுபடியும் வந்து நின்றது.

"என்னைப் பாத்துப் பழிப்புக் காட்டுற மாதிரி இருக்கும்மா."

"இது ஒண்ணுலதானா?"

"முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அடுத்த பெட்டிய எடுத்துப் பாத்தேன். அதுலயும் இருக்கு. அதுக்கு அடுத்ததுலயும் இருக்கு. அலமாரி பூராவும் பரவிருச்சும்மா."

சொல்லும்போதே அவருக்கு வியர்த்தது. அந்தச் சாரலிலும் வியர்த்தது.

"வேப்பிலை வச்சேன். கற்பூரம் வச்சேன். ஏசியை அணைக்கவே இல்ல. வீட்டுல யாரையும் அந்த ரூமுக்குள்ள விடல. ஒண்ணும் கேக்கல. செவ்வாக்கிழமையிலருந்து கறையும் விழ ஆரம்பிச்சிருச்சு."

"என்ன கறை?"

"ஈரக்கறை. இடது பக்கம் கீழ்மூலையில லேசா நெழல் மாதிரி ஆரம்பிச்சுது. இன்னைக்குக் காலையில பாத்தேன், பாதி அட்டைக்கு ஏறிருச்சு. எல்லாப் பெட்டியிலயும் அதே இடது பக்கம்தாம்மா. ஒரே மாதிரி. ஒரு புத்தகத்துக்குச் சீக்கு வந்தா சரிங்கலாம். எல்லாத்துக்கும் ஒரே நாள்ல, ஒரே இடத்துல வருமா? யாரோ செய்வினை வச்சுட்டாங்களோன்னு இருக்கு."

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"வேற என்ன?"

"வேறன்னா... அந்த ரூம் டியூப்லைட் பளிச் பளிச்சுன்னு வெட்டுது. வயர்ல ஏதோ கோளாறுன்னு மாத்துனேன். அப்பவும் வெட்டுது. பேப்பர் உள்ள இடம், தீப்பிடிச்சா என்ன ஆகுறது? மெயினையே அணைச்சேன்."

"நின்னுட்டா?"

"இல்லம்மா. இருட்டுலயும் வெட்டுது."

இப்போது அம்மாவின் கை நின்றது.

மாயழகு அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனமெல்லாம் பெட்டியின் மேல் இருந்தது.

"உடைச்சாத்தான் பூச்சிய எடுக்க முடியும். உடைச்சா அத்தனை மார்க்கும் போச்சு, முப்பது வருச உழைப்பு போச்சு. உடைக்கலைன்னா உள்ளயே அரிச்சுத் தின்னுரும். பெட்டியெல்லாம் கட்டில் மேல அடுக்கி வச்சிருக்கேன். வீட்டுக்காரி கையில ஸ்க்ரூ டிரைவரோட உக்காந்திருக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா, போன் பண்ணிச் சொல்லிருவேன்."

அம்மா பெட்டியை வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல அண்ணாச்சி."

"உங்களுக்குத் தெரியாதும்மா. கோவிச்சுக்காதீங்க. இதுக்குப் பழகின கண்ணு வேணும்."

"அப்பம் நீங்க பாருங்க."

மாயழகு சட்டைப்பையிலிருந்து நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோல ஒரு லென்ஸை எடுத்தார். இடது கண்ணில் செருகினார். வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முப்பது வருடமாகப் புத்தகத்தை அவர் இப்படித்தான் பார்க்கிறார். மடிப்பு, கீறல், துரு, எதுவும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது என்று கடைத்தெருவில் பேர்.

"இந்தா... ஓடுது பாருங்க. இந்தா நிக்குது!"

அம்மா புத்தகத்தைப் பார்க்கவில்லை. மாயழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லென்ஸ எடுங்க."

எடுத்தார்.

"மூடின கண்ணைத் திறக்க வேண்டாம். அப்படியே அந்தச் சுவத்தப் பாருங்க."

கூடத்துச் சுவர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தது. ஒரு ஆணிகூட இல்லை. மாயழகு பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

"ஐயோ அம்மா! இங்கயும் வந்துருச்சு!"

துள்ளி எழுந்தார். சட்டையை உதறினார், வேட்டியை உதறினார், தலையைத் தட்டிவிட்டார்.

"என் மேலயே ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்மா! உங்க மடத்துலயும் கொண்டாந்து விட்டுட்டேனே, பாவி!"

"இருங்க. அதே கண்ணால மேல பாருங்க."

முற்றத்துக்கு மேலே வானம் மேகம் மூடி வெள்ளையாகக் கிடந்தது.

மாயழகு நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உதறிக்கொண்டிருந்த கை தானாக நின்றது.

வானத்தில் பூச்சி ஊர்ந்தது. வானத்துக்கும் இடது பக்கம் கறை ஏறியிருந்தது.

அம்மா பக்கத்தில் வந்தார். தன் உள்ளங்கையால் அவருடைய இடது கண்ணைப் பொத்தினார்.

"வலது கண்ணைத் திறங்க. இப்பம் புஸ்தகத்தப் பாருங்க."

கடலுக்கு அடியில் அந்த ஆள் சுறாவோடு பளிச்சென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளை ஓரம் வெள்ளையாகவே இருந்தது. பூச்சி இல்லை. கறை இல்லை. நான்கு மூலையும் சுத்தம்.

மாயழகு குனிந்து இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இல்லம்மா... ஒண்ணுமே இல்ல!"

"இல்லயா?"

"இல்ல! புத்தகத்துல ஒண்ணுமே இல்ல! என் கண்ணுலதாம்மா இருந்திருக்கு!"

அவர் அழுதார். பெட்டியை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். ஒரு வாரமாகத் தூங்காத மனுஷன், பச்சைப்பிள்ளை மாதிரி விசும்பினார்.

அம்மா எதுவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

"ஏய், ஸ்க்ரூ டிரைவரக் கீழ வையி! ஒண்ணையும் தொடாத. எல்லாம் நல்லா இருக்கு. பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல... ஆமா... அது வெறும் கண்ணுதானாம். என் கண்ணு. ஆமாங்குறேன்... என்னது? அதெல்லாம் வந்து பாத்துக்கலாம், வையி."

போனைப் பையில் போட்டார். உப்புப் பைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியைச் சுற்றி அடுக்கினார். உறையில் நுழைத்தார். துண்டால் சுற்றினார். வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"காப்பாத்திட்டீங்கம்மா. முப்பது வருசத்தக் காப்பாத்திட்டீங்க."

அந்த மடத்தில் எத்தனையோ பேருடைய பயத்தை அவர் பார்த்திருக்கிறார். அவருக்கே பயம் வந்தது அன்றைக்குத்தான்.

வாசலுக்குப் போய், தெருவில் நின்ற ஆட்டோக்காரரைக் கை தட்டிக் கூப்பிட்டார். திருநெல்வேலி கண்ணாஸ்பத்திரிக்கு வண்டியை எடுக்கச் சொன்னார். உடனே என்றார்.

திரும்பி வந்தபோது மாயழகு பொட்டலத்துக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்கும்மா ஆட்டோ? நான் பஸ்ஸுலயே போயிருவேன்."

"பயம் போயிட்டா அண்ணாச்சி?"

"சுத்தமாப் போயிருச்சும்மா."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். அம்மா அவருக்கு எதிரே உட்கார்ந்தார். இந்த முறை அவருடைய வலது கண்ணைப் பொத்தினார்.

"என் மூக்க மட்டும் பாருங்க. அங்க இங்க திரும்பக் கூடாது."

"பாக்குறேன்."

அம்மா இன்னொரு கையைத் தூக்கினார். மாயழகின் இடது பக்கமாக, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, மூன்று விரலை விரித்துப் பிடித்தார். லேசாக ஆட்டினார்.

"எத்தன விரலு?"

மாயழகு சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

"கையத் தூக்குங்கம்மா" என்றார். "பாத்துச் சொல்றேன்."