சாட்சி சொல்லாத காளை

மாடுகள் வாய் திறந்து வழக்குப் பேசிய காலம் அது. யவன தேசத்தில் ஓர் ஊரார் குன்றின் மேல் தங்கள் தேவிக்குக் கற்கோவில் கட்டினார்கள். கல் ஏற்றுவதற்காக மண்ணைக் கொட்டி நீளமாக ஒரு சரிவுப் பாதை போட்டார்கள். அதில் ஒரு செங்காளை வண்டி இழுத்தது. அதன் பின்னாலேயே இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு தினமும் மேலே வருவான் சிற்பி தெமியாஸ்.

சின்ன வயதில் பாறை உருண்டு அவன் கால்கள் நசுங்கிவிட்டன. ஆனால் அவனைப் போல உளி பிடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. தேவியின் பாதங்களை அவன்தான் செதுக்கினான்.

கல்யாணமாகப் போகும் பெண்ணின் கூந்தலில் ஒரு கற்றையை வெட்டி, அப்பன் தன் கையால் தேவியின் காலடியில் வைப்பது அந்த ஊர் வழக்கம். தெமியாஸுக்கு மிரினா என்று ஒரே மகள். கோவில் திறக்கும் நாளில்தான் அவளுக்குக் கல்யாணம்.

"கோவில் முடிஞ்சதும் இந்தப் பாதையை எடுத்துடுவீங்களா?" என்று தலைமைக் கொத்தன் நிகாந்தரிடம் தெமியாஸ் கேட்டான்.

"நீ பாதத்தை முடிச்சுக் குடுப்பா. பாதையை எடுக்க மாட்டேன். தேவி மேல சத்தியம்."

பக்கத்தில் நின்ற காளை அதைக் கேட்டது. வேறு யாரும் கேட்கவில்லை.

வேலை முடிந்தது. ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்குப் படிகள் வந்தன. பாதை இருந்தால் கோவிலுக்கு அழகில்லை என்றார்கள். அவனைச் சுமந்துகொண்டு போகலாமென்றால், பிணத்தைத்தான் சுமப்பார்கள், தீட்டு என்றார்கள். தெமியாஸ் ஊர்ச்சபைக்குப் போனான்.

"நான் சத்தியமும் பண்ணலை, ஒண்ணும் பண்ணலை" என்றான் நிகாந்தர்.

"காளையைக் கேளுங்க. அது பொய் சொல்லாது" என்றான் தெமியாஸ். அப்படி நம்பினான், பாவம்.

ஆனால் நிகாந்தர் முந்திக்கொண்டிருந்தான். தொழுவத்துக்கே போய், "நீ சும்மா இரு, போதும். திறப்பு விழா அன்னிக்கு உன் கொம்புக்குத் தங்கம் பூசறேன். மாலை போட்டு உன்னைத்தான் முன்னால விடுவோம், ஊரே பின்னால வரும்" என்று சொல்லியிருந்தான். காலமெல்லாம் கல் இழுத்த மாட்டுக்கு அதுவரை ஒருவரும் மாலை போட்டதில்லை. அதற்கு மயங்கிவிட்டது.

சபையில் மூன்று முறை கேட்டார்கள். காளை வயிற்றுக்குள் போன வைக்கோலை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெதுவாக மென்றது. தெமியாஸ் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மென்றுகொண்டே இருந்தது.

மறுநாள் அதையே ஏரில் பூட்டிப் பாதையை உழுது கலைத்தார்கள்.

திறப்பு விழா வந்தது. மிரினாவின் கூந்தலை எடுத்துக்கொண்டு அவள் சித்தப்பன் படியேறினான். மேலே போன பெண் வாசலில் நின்று, "அப்பா! தேவியோட கால் எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா!" என்று கத்தினாள்.

"தெரியும்மா" என்றான் தெமியாஸ், கீழேயிருந்து.

படிகளுக்குக் கீழே பலிபீடம். பொன்பூசிய கொம்போடு காளையை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாடு தலையசைத்துச் சம்மதித்தால்தான் வெட்டலாம் என்பது அவர்கள் தர்மம். பூசாரி அதன் நெற்றியில் தண்ணீர் தெளித்தான். தண்ணீர் பட்ட மாடு தலையைச் சிலுப்பாமல் இருக்குமா? "சம்மதிச்சிடுச்சு!" என்றது கூட்டம்.

அப்போதுதான் காளைக்கு விஷயம் புரிந்தது. சொல்ல வாயைத் திறந்தது. வெறும் கதறல்தான் வந்தது, ஒரு வார்த்தை வரவில்லை. கண்கள் கூட்டத்தில் தெமியாஸைத் தேடின.

அவனுக்கு அதன் மேல் ஆத்திரம் ஆறவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. "அது சம்மதிக்கலை! தண்ணி பட்டதால தலையை ஆட்டுச்சு!" என்று கத்தினான்.

நிகாந்தர் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "சாட்சி இருக்கா?"

அன்று போன பேச்சு மாட்டினத்துக்கு இன்றுவரை திரும்பவில்லை. எதைக் கேட்டாலும் அசை போடுகிறது. ஏற முடியாதவன் எப்படி வருவான் என்று கேட்டுப் பாருங்கள், கோவில் கட்டுகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.