தென்காசிக்குப் பிரிக்கத் தெரியாது

“அடையாள அட்டையை மேசையில வை. ‘தென்காசிக் கிளை ஆபீஸுக்குப் போற நெட் லைன் வேகமாகாதது என் தப்பு’ன்னு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பு,” என்றார் மேலாளர் சபாபதி. தரவைச் சுருக்கி அனுப்பும் பெட்டியைத் தலைமையகத்துக்கு மட்டும் வாங்கிப் போட்டவர் அவர்தான்.

டெக்னீஷியன் செண்பகவல்லி அட்டையைக் கழற்றி வைத்தாள். “சொல்லுங்க சார், எழுதுறேன்.”

அவர் சொல்லி முடித்ததும் தாளை நீட்டினாள். முழுக்கக் கோடும் வளைவும்.

“என்ன கிறுக்கல் இது?”

“சுருக்கெழுத்து சார். ஒரு வார்த்தை விடலை. படிங்க.”

“எனக்கு இது தெரியாதே!”

“தென்காசியும் அதைத்தான் சொல்லுது. ‘சுருக்கி அனுப்பட்டுமா’ன்னு நம்ம பெட்டி கேட்குது. ‘எனக்குப் பிரிக்கத் தெரியாது’ங்குது அங்க இருக்கிற பழைய பெட்டி. அப்புறம் எல்லாம் பழையபடி முழுசாத்தான் போகுது. ரெண்டு வாங்கணும்னு அன்னிக்கே சொன்னேன். இதுல கையெழுத்து வேணும்னா நீங்களே போடுங்க.”

சபாபதி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செண்பகவல்லி அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.